எட்டாவது வண்டி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மேலாளர் ஜுரம் பலகையில் நான்கு எண்களை எழுதினார். பிப்ரவரியில் விற்ற செடான் கார்கள். கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள் இருபத்தொன்று, மேம்பாலத்தடிக்காரர்கள் பதினைந்து, எதிர்க்கடை ஒன்பது, நாங்கள் ஆறு. ஆறு என்பதை மட்டும் ஏனோ சின்னதாக எழுதியிருந்தார். சின்னதாக எழுதினால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ.

எங்கள் மேலாளருக்கு ஜுரம் என்று பெயர் வைத்தது என்னோடு செடான் பிரிவில் இருக்கும் குச்சி. மாதக் கடைசியானால் மேலாளருக்கு முகம் சிவந்துவிடும், நெற்றி வியர்க்கும், ஓரிடத்தில் நிற்க மாட்டார். மாதம் பிறந்தால் தணிந்துவிடும். இந்தத் தடவை நாலாம் தேதி ஆகியும் தணியவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்களாம்: மார்ச்சிலும் நாலு கடையில் நாங்கள்தான் கடைசி என்றால் செடான் பிரிவை எடுத்துவிடுவார்கள். யாரோடாவது சமமாக வந்தால்கூடப் போதும், அது கடைசி ஆகாது என்று இரண்டு தரம் சொன்னார்.

நான்கு கடையும் ஒரே சாலையில்தான். விலையும் ஏறக்குறைய ஒன்று. அதே ஆட்கள்தான் நான்கு வாசலும் ஏறி இறங்குகிறார்கள், எங்கள் வாசலுக்குக் கடைசியில் வருகிறார்கள். அதற்குள் காபி குடித்துக் குடித்து வயிறு நிறைந்திருக்கும். உட்கார்ந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, 'உயரமான வண்டி இல்லையா' என்று கேட்பார்கள். இப்போது எல்லாருக்கும் உயரமாக உட்கார வேண்டும். தாழ்வாக, நீளமாக, அழகாக ஒரு வண்டி இருந்தால் அது வயதானவர்கள் வண்டியாம்.

வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் காலையில் நான் விட்டுப்போன இடத்திலேயே, அதே சட்டையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மார்ச் 5

மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. "சொல்லிக்கலாம்" என்கிறார். அவருக்கு வேலை போனது ஜனவரியில்.

மார்ச் 9, ஞாயிறு

மகள் பேசும் நாள். வெளியூரில் இருக்கும் அவளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. நான் பேசி முடித்துவிட்டு போனை அவரிடம் கொடுத்தேன். துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆபீசில் புது மெஷின் ஒன்று வந்திருக்கிறதாம். பெட்டியைப் பிரிக்கக்கூட நேரமில்லையாம். இவர் ஆறு மாதம் அலைந்து மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பேசிக் குறைத்து வாங்கியதாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே போய் அந்த மெஷினைப் பார்க்கலாமா என்று தோன்றியது. பொய் என்று தெரிந்த எனக்கே.

இருபது வருடம் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் அதைத்தான் செய்தார். அதனால்தான் இவ்வளவு தத்ரூபமாக வருகிறது. போனை வைத்ததும் முகம் அணைந்துபோனது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்காமலே இருப்பதும் பொய்யில்தான் சேர்த்தி.

மார்ச் 12, புதன்

ஜுரம் கூப்பிட்டார். எதிர்க்கடையில் ரகசியமாக என்ன சலுகை தருகிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். எங்கள் தொழிலில் இதற்கு 'ஆள் விடுவது' என்று பெயர். வாங்க வந்தவர்போல ஒருவரை அனுப்பி, வண்டியை ஓட்டிப் பார்த்து, பேரம் பேசி, கடைசி விலையைக் கறந்துகொண்டு வரச் செய்வது. எல்லாக் கடையும் எல்லாக் கடைக்கும் ஆள் விடும். எங்கள் வழக்கமான ஆளின் முகம் அங்கே பழகிப்போய், போன மாதம் டீ கொடுத்து நலம் விசாரித்து அனுப்பிவிட்டார்களாம்.

"உங்க வீட்டுக்காரர் பெரிய கம்பெனியில பர்ச்சேஸ்ல இருக்காரே. பார்த்தா வாங்கறவர் மாதிரியே இருப்பார். ஒரு நாள் லீவு போட்டுட்டு வரச் சொல்லுங்களேன்."

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். இங்கேயும் யாருக்கும் சொல்லவில்லை. என் புருஷனுக்கு வேலை போய்விட்டது என்று சொன்னால் அன்றிலிருந்து என்னிடம் பேசும் குரலையே மாற்றிக்கொள்வார்கள்.

வீட்டில் சொன்னேன், எப்படியும் மாட்டேன் என்பார் என்று. "எந்த மாடல்?" என்று கேட்டார்.

மார்ச் 13, வியாழன்

எழுந்து, சவரம் செய்து, கல்யாண வீட்டுக்குப் போட்டுப்போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலம் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஆரம்பித்துவிட்டார். எதிர்க்கடை வண்டியில் பின்சீட்டில் முழங்காலுக்கு இடம் நம்முடையதைவிட நான்கு விரல் அதிகம். ஆனால் டிக்கி ஆழம் குறைவு, பெட்டியைப் படுக்க வைத்தால்தான் மூடும். கதவு மூடும் சத்தம் நம்முடையதுதான் உசத்தி. அவர்கள் தருகிற இலவசப் பராமரிப்பில் ஒரு வருடத்துச் செலவை விலையிலேயே ஏற்றி வைத்திருக்கிறார்கள். சலுகை என்று சொல்வது பாதி கண்துடைப்பு.

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது இன்றுதான். என் கண்ணே பட்டுவிடுமோ என்று எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனேன்.

காட்டியது ஒரு பெண்ணாம், சுருள்முடி, நன்றாகப் பேசுகிறாளாம். எனக்குத் தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கண்ணாடிக்குள்ளிருந்து ஒருவரையொருவர் பார்த்திருக்கிறோம். கையாட்டியதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஜுரத்துக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல். அது அன்றைக்கே கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டில் நான் சொன்னது வேறு: கண்ணாடிக் கட்டடத்துக்கும் போய் வரச் சொல்கிறார் என்று. போனார். நேற்று மேம்பாலத்தடி. இன்று மறுபடி எதிர்க்கடை, 'இன்னும் ஒரு சந்தேகம் தெளியணும்' என்று அவராகவே.

நான்கு வண்டியையும் அவர் ஒப்பிடுவதை எங்கள் ஆட்கள் கேட்க வேண்டும். கண்ணாடிக்காரர்கள் முதலிடத்தில் இருப்பது வண்டியால் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் அதை வாங்கியிருப்பதால் என்கிறார். இரண்டாமிடத்துக்காரர்களிடம் வண்டி உடனே கிடைக்கிறது, மற்ற மூன்று பேரும் காத்திருக்கச் சொல்கிறார்கள். நாங்கள்? 'உங்க வண்டியில ஒரு குறையும் இல்லை. அதான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம போயிடுது' என்றார். எனக்கே சிரிப்பு வந்தது.

பொய் சொல்லி அனுப்புகிறேன். தெரிகிறது. படுத்துக் கிடப்பதற்கு இது தேவலை.

மார்ச் 22, சனி

எதிர்க்கடையில் தன்னை டைரக்டர் என்று சொல்லிக்கொண்டாராம். இன்று என்னிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"எதுக்கு டைரக்டர்? அதிகாரின்னு சொன்னா போதாதா?" என்றேன்.

"எப்படியும் பொய்தானே. அதுல என்ன கஞ்சத்தனம்?"

எரிச்சலாக வந்தது. பொய்க்கு அளவு வேண்டாமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மகளிடம் இல்லாத மெஷினைப் பற்றிப் பேசுவது, மற்ற நாளில் இல்லாத பதவியோடு கார் பார்ப்பது. ஒரு நாள் நிஜமாகவே நம்பிக்கொண்டு கோட்டைப் போட்டு இல்லாத ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாரோ? இதைக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், இனி போக வேண்டாம் என்பதுதான்.

'சரி' என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். நான்தான் அனுப்பினேன், நான்தான் நிறுத்தினேன். ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

கால் இரண்டும் கழன்றுவிடும்போல. நேற்றுவரை நாங்கள் ஆறு, எதிர்க்கடை ஏழு. இன்று மத்தியானம் குச்சி ஒரு வக்கீலைப் பேசிப் பேசியே மசிய வைத்து ஏழாக்கினார். சமம். ஜுரம் எங்கள் இருவருக்கும் கைகொடுத்தார், உள்ளங்கை கொதித்தது. கடை மூடும்வரை ஜன்னல் பக்கம் நின்று எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் சாவி வாங்கவில்லை, போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை. பிழைத்தோம் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

எதிர்க்கடை எட்டு. நாங்கள் ஏழு.

குச்சி கணக்கு தப்பு என்று கத்தினார். பதிவு அலுவலகத்து எண்ணிக்கை, தப்பில்லை என்றார் ஜுரம். ஒரு வண்டி கடைசி நேரத்தில் பதிவாகியிருக்கிறது. வெளியே வராத வண்டி. ஆளைப் பிடித்து, பெயரை மட்டும் வாங்கி, கடைப் பணத்திலேயே பதிந்து எண்ணிக்கை காட்டுவது தொழிலில் பழைய வித்தைதான். ஆனால் யார் அந்த ஆள் என்று தெரியாமல் எங்கே போய் முறையிடுவது?

ஏப்ரல் 2, புதன்

தெரிந்துவிட்டது.

அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் போனில் மணி அடித்தது, மகளோ என்று எடுத்துப் பார்த்தேன். 'உங்கள் வாகனம் பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு செய்தி. கீழே வண்டி எண். அதற்குக் கீழே எதிர்க்கடை மாடலின் பெயர்.

ஈரத் தலையோடு வந்து நின்றார். போனை நீட்டினேன்.

"கையெழுத்து போட்டீங்களா?"

"போட்டேன்."

"வாங்கறதுக்கா?"

"போன வாரம், வரிசையில பேர் போட்டு வைக்கத்தான்னு சொன்னாங்க. அடையாள அட்டை நகல் கேட்டாங்க. வேணாம்னா காரணம் சொல்லணும்ல. எங்கிட்ட இருக்கிற காரணம் ஒண்ணே ஒண்ணுதான். அதைச் சொல்ல வாய் வரலை."

நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் போயிருக்கிறார். அதைக்கூட விடலாம். எங்கள் பிரிவைக் கவிழ்த்த அந்த எட்டாவது வண்டி என் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. இதைக் கேட்டால் யாராவது நம்புவார்களா? உட்கார்ந்து சிரித்தேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சிரிக்கவில்லை என்று பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

ஜுரத்தின் அறை வாசல்வரை போனேன். உள்ளே போய் ஒரே வாக்கியம் சொன்னால் போதும், அந்த எட்டு ஏழாகும். சமம். செடான் பிரிவு தப்பும், குச்சி தப்புவார், நானும்.

அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். வாங்காதவர் எதற்குக் கையெழுத்துப் போட்டார்? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே? அங்கிருந்து நூல் பிடித்துக்கொண்டே போனால் ஜனவரியில் போய் நிற்கும். என்னாலும் அதைச் சொல்ல முடியவில்லை. அவருக்கு வாய் வரவில்லை என்று நேற்று அத்தனை கோபப்பட்டேனே, எனக்கு மட்டும் வந்துவிட்டதா?

'என்னம்மா, ஏதாவது வேணுமா?' என்றார் ஜுரம். பேனா வேண்டும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 5, சனி

அவரே எதிர்க்கடைக்குப் போய் சுருள்முடியிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார், பாதி உண்மையை. தான் வாங்க வந்தவன் இல்லை, எதிரில் இருப்பவர்கள் அனுப்பிய ஆள் என்று. வேலை போனதைச் சொல்லவில்லை.

அவள் அதிரவே இல்லையாம்.

"நிஜமா வாங்கறவங்க யாரும் நான் சொல்றதை முழுசா கேட்டதில்லை சார். பாதியில போன் பேசுவாங்க, சம்சாரத்தைக் கூப்பிடுவாங்க. நீங்க கடைசி வரைக்கும் கேட்டீங்க. ரெண்டாவது தடவை வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாளாம்.

தெரிந்தும் எதற்கு எழுதினாய் என்று இவர் கேட்டதற்கு, மேலே நின்று ஒருவர் கழுத்தைப் பிடிக்கிறார், ஒரு வண்டி குறைந்தது, உங்கள் நகல் கையில் இருந்தது என்றாளாம். ஓரிரு மாதத்தில் அதையே 'ஒரே கை மாறிய வண்டி' என்று விற்று, வேறு பெயருக்கு மாற்றிவிடுவார்களாம். வெளியே தெரிந்தால் முதலில் போவது அவள் வேலை. இரண்டு குழந்தைகளை ஒற்றை ஆளாக வளர்க்கிறாள்.

"சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

"என் வேலையை எங்கிட்ட கேக்காமலே தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

நானும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது உண்மைதான். ஆனால் அது நான் எடுத்த முடிவாக இருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை. இனி அவரோடு பேசப்போவதில்லை. இன்றுதான் ஆரம்பம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

செடான்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாவி போட்டு ஓட்டக்கூட இல்லை, ஆள் வைத்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில் உயரமான வண்டிகள் மூன்று வந்து நிற்கின்றன.

குச்சியை வேறு கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள், வீட்டிலிருந்து ரொம்ப தூரம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, எட்டாவதை வாங்கினவன் நாசமாய்ப் போகட்டும் என்றார். ஆமாம் என்றேன். அதைத் தவிர என்ன சொல்வேன்?

எனக்கு ஒர்க்ஷாப் வரவேற்பு. வண்டி பழுதானவர்கள் வந்து திட்டுவார்கள், நான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மகள் பேசினாள். மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்டாள் போல. 'நல்லா ஓடுது' என்றார்.

மே 6, செவ்வாய்

ஏப்ரல் கணக்கு வந்தது. எதிர்க்கடை ஐந்து. அங்கேயும் செடான்களைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்களாம். ஒரு வண்டிக்காக நாங்கள் அடித்துக்கொண்டதை நினைத்தால்... யாருக்கு வேண்டியிருந்தது அந்த எட்டும் ஏழும்?

பழுது எழுதி எழுதி விரல் வலிக்கிறது. தூங்க வேண்டும்.

மே 14, புதன்

அந்த எட்டாவது வண்டியை வாங்க ஆள் வந்திருக்கிறது. பெயர் மாற்ற முதல் சொந்தக்காரர் நேரில் வர வேண்டும் என்று சுருள்முடி கூப்பிட்டாள். நேற்றே அவர் என்னிடம் சொன்னார். 'நீயும் வர்றியா?' என்று கேட்டார். கேட்டாரே என்பதற்காகவே போனேன். எங்கள் கடைக் கோட்டைக் கழற்றிக் கைப்பையில் திணித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாலையைக் கடந்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

பழைய வண்டிகள் விற்கும் பின்பக்க முற்றம். கரும்பச்சை நிறம், இவர் தேர்ந்தெடுத்ததாம். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. சுருள்முடி என்னைப் பார்த்தாள், தலையை லேசாக அசைத்தாள். நானும் அசைத்தேன். அவளுக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர் அம்மா, அறுபது வயதிருக்கும். வண்டியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். வெளிநாடு போகிறேன், அதனால் விற்கிறேன் என்று சொல்லும்படி சுருள்முடி இவருக்கு முன்கூட்டியே பாடம் நடத்தியிருந்தாள், எனக்குக் காதில் விழுந்தது.

"ஓட்டவே இல்லை போலிருக்கே. இவ்வளவு சீக்கிரம் ஏன் சார் விக்கிறீங்க? வண்டியில ஏதாவது கோளாறா?" என்றார் டாக்டர் அம்மா.

இவர் வாயைத் திறந்தார். சுருள்முடி இவரைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வெளிநாடு என்று வரப்போகிறது, அதையும் மெஷினைப்போல விலாவாரியாக எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"வண்டியில கோளாறு இல்லைம்மா," என்றார். "எனக்கு வேலை போயிடுச்சு. ஜனவரியிலேயே."

குரல் பாதியில் உடைந்தது, ஆனால் சொல்லி முடித்துவிட்டார். சுருள்முடி கையிலிருந்த காகிதங்களைச் சும்மா அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது புதுச் செய்தி. அந்த அம்மா பின்சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்காமல் இருக்குமா என்று கேட்டார். இவர் வலிக்காது என்றார். டிக்கி ஆழம் குறைவு, பெட்டியைப் படுக்க வைக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னார். டாக்டர் அம்மா வாங்கிக்கொண்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஒரு பழைய வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். வெட்கத்தினால் இல்லை. ஐந்து மாதமாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு திரிந்ததை, முன்பின் தெரியாத ஒருவரின் காலடியில் இறக்கி வைத்துவிட்டார். என்னிடம்கூட அவர் அதை அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. வேலை போன அன்றைக்கு ஆபீஸ் கடிதத்தைத்தான் நீட்டினார்.

திரும்பும்போது சாலையின் நடுத்திட்டில் வண்டிகள் ஓய நின்றோம். ஒர்க்ஷாப்பில் திட்டுகிறார்களா என்று கேட்டார். திட்டுகிறார்கள் என்றேன்.

மே 18, ஞாயிறு

மகள் பேசினாள். இன்று அவரே முதலில் எடுத்தார். நான் சமையலறையில் இருந்தேன், குழாயை மூடிவிட்டு நின்றேன்.

மெஷின் எதுவும் வரவில்லை என்றார். பிறகு மற்றதைச் சொன்னார். ரொம்ப நேரம் ஆகவில்லை. நான்கைந்து வாக்கியம்தான். அந்தப் பக்கம் என்ன பேசினாள் என்று தெரியவில்லை, இவர் 'இல்லம்மா', 'இல்லம்மா' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே வந்து போனை என்னிடம் நீட்டினார்.

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஜனவரியிலேர்ந்தாம்மா?" என்றாள். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ பக்கத்துல இருந்து கேட்டுட்டுத்தானே இருந்தே?"

ஆமாம் என்றேன்.

மூன்று பேரில் யாரும் போனை வைக்கவில்லை.